ஆறாவது வரிசையிலிருந்து ஒரு குரல்

பழி வாங்க உகந்த நேரம் காலை பத்து மணி என்பது சாம்பல் மேடத்தின் கட்சி. வயிறு நிறைந்திருக்கும், வெளிச்சம் நன்றாக இருக்கும், தப்பான ஆளை அடித்துவிட்டு அசடு வழிய வேண்டியதில்லை. இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் எரிந்த குடோன்களையும் கிளறிப் பார்த்தவர் அவர். சாம்பலைத் தொட்டே பொய்யைக் கண்டுபிடிப்பார் என்று பேச்சு கிளம்பி, கடைசியில் சாம்பலே அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. நான் அவருடைய உதவியாளன். வாய் கொஞ்சம் நீளம் என்பதால் மேடம் எனக்கு ஒலிபெருக்கி என்று பெயர் வைத்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு எங்கள் அலுவலகப் படி ஏறி வந்த ஆளை எனக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கவில்லை. வாரத்தில் ஐந்து நாள் ஒரு மருந்துக் கம்பெனியில் விற்பனை மேலாளர். மிச்ச நேரத்தில் ஓர் அமெச்சூர் நாடகக் குழுவின் டைரக்டர். குழுவில் எல்லாரும் டைரக்டர் என்றே கூப்பிடுகிறார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார். மேஜைமேல் ஒரு கடிதத்தையும், பக்கத்தில் கனமான ஒரு ஃபைலையும் வைத்தார்.

கடிதம் கம்ப்யூட்டரில் அடித்தது. கையெழுத்து இல்லை.

“சனிக்கிழமை நாடகத்தில் மூன்றாவது காட்சி. நீ மேடையில் இருக்கும்போது நெருப்பு வரும். இடதுபக்க வாசல் பூட்டியிருக்கும். அவள் செத்த மாதிரி நீயும் சாவாய்.”

‘அவள்’ யார் என்பதை டைரக்டரே சொன்னார். பத்து மாதத்துக்கு முன் ஓர் ஒத்திகை. மரச்சட்டத்தில் துணி இழுத்துக் கட்டி வண்ணம் அடித்த தட்டிகள்தான் செட். மேடையில் ஆறு பேர். ஒரு விளக்கின் சுடர் தட்டியில் பற்றி, கண்மூடித் திறப்பதற்குள் மேடை முழுக்கப் புகை. வழக்கமாக உட்காரும் ஆறாவது வரிசையில் இருந்த டைரக்டர், “இடதுபக்கம் ஓடு” என்று கத்தியிருக்கிறார். ஐந்து பேர் அவசர வாசல் வழியாக வெளியே வந்து பிழைத்துவிட்டார்கள். குழுவில் சேர்ந்து மூன்றே வாரம் ஆன ஒரு பெண் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடிப் புகையில் செத்துப்போனாள். செட் போட்டவரின் தங்கை அவள்.

விசாரணையில் இரண்டு விஷயங்களை எழுதி ஃபைலை மூடினார்கள். ஒன்று, துணிக்குத் தீத்தடுப்பு மருந்து அடிக்காமலே அடித்தாயிற்று என்று, மேடை ஆபத்துகளைக் குறித்துக் கொடுக்கும் ரிஸ்க் ஃபாரத்தில் செட்காரர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இரண்டு, அந்தப் பெண் பதற்றத்தில் புத்தி தடுமாறித் தப்பான பக்கம் ஓடியிருக்கிறாள். ஐந்து உயிரைக் காப்பாற்றியதற்காக டைரக்டருக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. அதன் நகலையும் ஃபைலில் வைத்திருந்தார் மனுஷன்.

கடிதம் செட்காரர் எழுதியதுதான் என்று அடித்துச் சொன்னார். திங்கட்கிழமை செட்காரர் போட்ட மறுவிசாரணை மனு விசாரணைக்கு வருகிறதாம். அது தேறாது என்று தெரிந்து ஆத்திரத்தில் கொலை மிரட்டலில் இறங்கிவிட்டாராம். சாயங்காலம் ஆறரை மணி நாடகத்துக்குள் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுக்க வேண்டும்.

“அவனுக்கு வயிறு எரியுது மேடம்” என்றார்.

தங்கையைப் பறிகொடுத்தவனுக்கு வயிறு எரியாமல் குளிருமா என்று எனக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது. மேடம் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். பிறகு அந்த வேலையை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி, ஃபைலை வாங்கி வைத்துக்கொண்டார்.

பதினொன்றரைக்கு, தீப்பிடித்த அதே அரங்கில் இருந்தோம். பழைய சரக்குக் கிடங்கை மாற்றிக் கட்டிய இடம். பத்து வரிசை நாற்காலி, இடுப்பு உயர மேடை, புது வண்ண வாசனை. அங்கே ஒரே ஒரு பெண்மணிதான் இருந்தார். மேடைத் தரையில் உட்கார்ந்து, நடிகர்கள் நிற்க வேண்டிய இடங்களில் வெள்ளை டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை. நாடகத்தில் மறந்துபோன வசனத்தை ஓரமாக நின்று எடுத்துக் கொடுப்பவர். குழுவில் பிராம்ப்ட் அக்கா.

இடதுபக்க வாசலைப் போய்ப் பார்த்து, பூட்டு எப்படி இருக்கிறது என்று சொல்லும்படி மேடம் என்னை மேடைக்கு அனுப்பினார். ஏறினேன். நாற்காலிகளைப் பார்த்து நின்றேன். இடதுபக்கம் நடந்தேன். செங்கல் சுவர். அதில் சாய்த்து வைத்த பழைய தட்டிகள், இரண்டு சிவப்புத் தீயணைப்பு சிலிண்டர்கள். வாசலும் இல்லை, வாசல் மாதிரி எதுவும் இல்லை. சுவரைத் தட்டிக்கூடப் பார்த்தேன்.

“மேடம், இந்த வாசலைப் பூட்டணும்னா முதல்ல கொத்தனாரைக் கூப்பிட்டுக் கட்டணும்.”

மேடம் ஆறாவது வரிசையில் டைரக்டரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தே கையை நீட்டி மேடையின் மறுபக்கத்தைக் காட்டினார். அங்கே பச்சை விளக்குப் போட்ட அவசர வாசல் பளிச்சென்று இருந்தது. அது வலதுபக்கம் என்றேன். தனக்கு அது இடதுபக்கம் என்றார் அவர். நான் அதற்குப் பதில் யோசிப்பதற்குள் பிராம்ப்ட் அக்கா சிரித்துவிட்டார்.

இந்தச் சண்டை இங்கே தினமும் நடப்பதுதானாம். மேடையில் இடது வலது என்றால் நடிகருடைய இடது வலதுதான். நாடகக்காரர்களுக்கு அதுதான் அரிச்சுவடி. ஆனால் டைரக்டர் ஒரு நாள்கூட மேடையில் ஏறி நின்று சொல்லிக் கொடுத்தவர் இல்லை. ஆறாவது வரிசையில் உட்கார்ந்து தன் கைப்பக்கத்தைச் சொல்லிக் கத்துவார். இந்த நாடகத்தில்தான் முதல்முறையாக ஒரு காட்சியில் தலைகாட்டுகிறார், அதுவும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

“டைரக்டர் இடதுன்னா எங்களுக்கு வலது. பழகிப்போச்சுங்க, இப்பல்லாம் யோசிக்கிறதுகூட இல்ல. புதுசா வர்றவங்கதான் கொஞ்ச நாள் முட்டி மோதிக்குவாங்க” என்றார் அக்கா.

மேடம் நாற்காலியை விட்டு எழுந்த விதம் எனக்குத் தெரியும். ஒருவர் கழுத்தில் கயிற்றின் நுனி விழுந்தாயிற்று, யார் கழுத்து என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

செட்காரரை அவர் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பிடித்தோம். முன்பு ஒரு தொழிற்பள்ளியில் மரவேலை வாத்தியார். விசாரணை முடிந்த மறுவாரமே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். இப்போது சமையலறை அலமாரி செய்து பிழைப்பு. இரண்டு புறங்கையிலும் தோல் சுருங்கிப் பளபளத்தது. அன்றைக்குத் தகவல் கேட்டு ஓடிவந்து, எரிகிற தட்டிகளைக் கையாலேயே பிடுங்கிப் போட்டிருக்கிறார். மேடம் கடிதத்தை நீட்டியதும் மரம் இழைக்கும் இழைப்புளியை நிறுத்தாமலே படித்தார்.

“நான் எழுதல. எழுதணும்னு தோணாம இல்ல. ஆனா எழுதிட்டுச் செய்யற ஆள் நான் இல்ல. செஞ்சிட்டு வந்து சொல்லுவேன்.”

எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துவிட்டது. பழி வாங்க நினைப்பவன் அதை ஒளிக்காமல் சொன்னால் பாதி நல்லவன் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

மேடம் ஃபைலிலிருந்து ரிஸ்க் ஃபாரத்தை எடுத்து வேலைப்பலகைமேல் வைத்தார். இரண்டு தாள். முதல் தாளில் மூன்று குறிப்பு. துணிக்கு மருந்து அடித்துச் சோதித்தாயிற்று. விளக்கு நிஜச் சுடர், ஆபத்தில்லை. அவசர வாசல் மேடையின் இடதுபுறம், தடை ஏதுமில்லை. இரண்டாவது தாளில் சிலிண்டர் எண்ணிக்கையும் செட்காரரின் கையெழுத்தும்.

கையெழுத்து தன்னுடையதுதான் என்றார். முதல் தாள் தன்னுடையது இல்லையாம். மருந்து டிரம் வந்து சேரவில்லை, வந்து அடித்துக் காயும்வரை நிஜச் சுடர் கூடாது, பல்பு விளக்குதான் வைக்க வேண்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாராம். நிஜச் சுடர் இல்லாவிட்டால் காட்சியில் உயிர் இருக்காது என்று டைரக்டர் சண்டை போட்டாராம். விசாரணையில் இதையெல்லாம் சொன்னபோது, தங்கை செத்த பிறகு கதையை மாற்றுகிறார் என்று வாயை அடைத்திருக்கிறார்கள்.

நான் தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். முதல் தாளின் மூலையில் ஸ்டேப்ளர் குத்திய ஓட்டை இரண்டு. இரண்டாவது தாளில் நான்கு.

“மேடம், இந்த ரெண்டாவது தாளுக்கு இது ரெண்டாம் கல்யாணம்.”

மேடம் சிரிக்கவில்லை. ஓட்டையை மட்டும் நம்பிப் போனால், நகல் எடுக்கப் பிரித்துத் திரும்பக் குத்தினோம் என்று ஒரே வரியில் பூசி மெழுகிவிடுவார்கள் என்றார். அவர் விரல் மூன்றாவது குறிப்பில் நின்றது. அரங்கில் அவசர வாசல் எந்தப் பக்கம் என்று செட்காரரிடம் கேட்டார். தன் வயதைச் சொல்கிற மாதிரி யோசிக்காமல் வந்தது பதில்.

“வலது.”

“உங்க தங்கச்சி குழுவுல சேர்ந்தன்னைக்கு நீங்க ஏதாவது சொல்லிக் குடுத்தீங்களா?”

செட்காரர் இழைப்புளியைக் கீழே வைத்தார். தங்கையைப் பற்றி யாரோ குற்றம் சொல்லாமல் கேட்டதே அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். முதல்நாளே மேடைக்குக் கூட்டிப்போய் நிறுத்தி, நடு மேடையில் சாக்பீஸால் கோடு போட்டுச் சொல்லிக் கொடுத்தாராம். இங்கே நின்றால் உன் இடதுதான் இடது, உன் வலதுதான் வலது, கீழே எவன் உட்கார்ந்து கத்தினாலும் இது மாறாது என்று. அவள் சிரித்துக்கொண்டே பத்துத் தடவை நடந்து காட்டினாளாம். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். கடிதத்தைப் பார்த்தார், ஃபாரத்தைப் பார்த்தார். அப்புறம் தன் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப அவ பதறல” என்றார்.

“இல்ல. டைரக்டர் சொன்ன வார்த்தைக்குத்தான் ஓடினா” என்றார் மேடம்.

“நான் சொல்லிக் குடுத்த பக்கம்.”

பழைய ஐந்து பேரும் டைரக்டரின் இடதைப் பழக்கத்தில் வலதாக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டார்கள். அந்தப் பெண் ஒருத்திதான் நாடகக்காரி ஓட வேண்டிய பக்கம் ஓடி, செங்கல் சுவரில் போய் நின்றிருக்கிறாள். பத்து மாதமாக அவளைப் புத்தி கெட்டவள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பாராட்டுப் பத்திரத்தை அப்போதே கிழித்திருப்பேன், நகல்தானே என்றுதான் விட்டேன்.

“எங்கம்மா இன்னும் அவளத்தான் திட்டிக்கிட்டு இருக்காங்க. எல்லாரும் ஓடின பக்கம் ஓடாம ஏன்டி போனேன்னு போட்டோவப் பாத்துக் கேக்கறாங்க” என்றார் செட்காரர். குரல் உயரவே இல்லை. “எனக்கு அந்த ஆள் எரியணும் மேடம்.”

“எரிஞ்சா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும். நான் தர்றது அதைவிட நீளம். நாலு மணிக்கு அரங்குக்கு வாங்க. கையில எதுவும் எடுத்துட்டு வராதீங்க.”

வெளியே வந்ததும், அப்படியானால் கடிதம் எழுதியது யார் என்று கேட்டேன். மேடம் தீயணைப்பு நிலைய அதிகாரிக்குப் போன் போட்டார். பத்து மாதத்துக்கு முன் அந்த அறிக்கையை எழுதியவர் அவர்தான்.

நாலு மணிக்கு மேடையில் எட்டு நடிகர்கள் வேஷம் கட்டி நின்றார்கள். ஓரத்தில் பிராம்ப்ட் அக்கா. ஆறாவது வரிசையில் டைரக்டர், அவர் பக்கத்தில் நிலைய அதிகாரி. கடைசி வரிசை இருட்டில் செட்காரர் வந்து உட்கார்ந்ததை டைரக்டர் கவனிக்கவில்லை. கடிதம் எழுதிய ஆளைக் கண்டுபிடித்தாயிற்று என்று மேடம் அறிவித்ததும், டைரக்டர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

மேடம் ஒரே ஒரு காரியம் செய்யச் சொன்னார். எல்லாரும் இடதுபக்கத்தைக் கை நீட்டிக் காட்ட வேண்டும்.

டைரக்டர் பச்சை விளக்கு வாசலைக் காட்டினார். நிலைய அதிகாரியும் அதையே காட்டினார். மேடையில் எட்டுக் கைகளும் செங்கல் சுவரைக் காட்டின. காட்டிவிட்டு எட்டுப் பேரும் கீழே இருந்த இரண்டு கைகளைப் பார்த்தார்கள். பிராம்ப்ட் அக்காவின் முகம் மாறியது. கையிலிருந்த வசனக் கட்டு நழுவிக் கீழே விழுந்தது, அவர் அதை எடுக்கவில்லை.

செட்காரர் இந்தக் கடிதத்தை எழுதியிருந்தால் வலதுபக்க வாசல் என்றுதான் எழுதியிருப்பார் என்றார் மேடம். இந்த மேடையில் நின்று பழகிய யாரும் அந்த வாசலை இடது என்று சொல்ல மாட்டார்கள். கீழே உட்கார்ந்தே பழகியவர்தான் சொல்வார்.

“சந்தேகம் ரெண்டு பேர் மேலதான் வருது. அதுல அதிகாரிக்கு மூணாவது காட்சியில வேஷம் இல்ல” என்றேன் நான்.

தனக்குத்தானே யாராவது கொலை மிரட்டல் எழுதிக்கொள்வார்களா என்று டைரக்டர் சிரித்துக் காட்டினார். திங்கட்கிழமையை நினைவுபடுத்தினார் மேடம். கொலை மிரட்டல் வழக்கில் உள்ளே இருக்கிறவன் போட்ட மனுவை யார் மதிப்பார்கள்? பிறகு ரிஸ்க் ஃபாரத்தை எடுத்து மூன்றாவது குறிப்பைப் படித்தார். செட் போடுகிறவர் எழுதியதாகச் சொல்லும் தாளிலும் அதே இடது. நான் ஓட்டைகளை அதிகாரிக்குக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஃபைலை டைரக்டரிடம் திருப்பிக் கொடுக்காமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

டைரக்டர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் ஆள் லேசில் விழுகிற ஆள் இல்லை.

“சரி, தாளை மாத்தினேன்னே வச்சுக்குங்க. குழு மேல பழி வரக்கூடாதுன்னு மாத்தினேன். ஆனா அஞ்சு பேர் உயிரோட நிக்கறது என் குரலால. அவ பயந்துபோய்த் தப்பான பக்கம் ஓடினா. பயப்படாம காதைத் திறந்து கேட்டிருந்தா வாசலுக்கு வந்திருப்பா. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?”

கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. செட்காரர் நடைபாதை வழியாக இறங்கி வந்து ஆறாவது வரிசைக்குப் பக்கத்தில் நின்றார்.

“அப்ப நீங்களே மேடைக்கு வந்து காட்டுங்க சார். பயப்படாம.”

எட்டு நடிகர்கள் பார்க்கிறார்கள், அதிகாரி பார்க்கிறார். மாட்டேன் என்று சொல்ல டைரக்டருக்கு வழியில்லை. சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு மேடை ஏறினார். நடிகர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள், நானும் ஏறி அவர்களோடு ஓரமாக நின்றேன். புகைக்குப் பதிலாக மேடம் ஒரு கறுப்புத் துணியால் அவர் கண்ணைக் கட்டி, அந்தப் பெண் நின்ற இடத்தில், நாற்காலிகளைப் பார்த்த மாதிரி நிறுத்தினார். செட்காரர் டைரக்டரின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இடதுபக்கம் ஓடு.”

டைரக்டர் ஓடவில்லை. யோசித்தார். கெட்டிக்காரர் அல்லவா, தான் இப்போது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம், வாசல் எந்தக் கைப்பக்கம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டார். வலதுகால் மெதுவாகத் தரையை விட்டு எழுந்தது. செட்காரர் என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. பக்கத்தில் நிறுத்தியிருந்த பெரிய தட்டியை ஒரு தள்ளுத் தள்ளினேன். அது அவருக்குப் பின்னால் படாரென்று விழுந்தது. அதே நொடியில் செட்காரர் எழுந்து நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

“இடதுபக்கம் ஓடு!”

கணக்கெல்லாம் பறந்துபோயிற்று. டைரக்டர் ஓடினார். தன் இடதுபக்கம் ஓடினார். ஏழெட்டு எட்டில் இரண்டு உள்ளங்கையும் செங்கல்லில் போய் அறைந்தன. அடுத்த கணமே அந்தக் கைகள் தாழ்ப்பாளைத் தேட ஆரம்பித்தன. மேலே, கீழே, தட்டிகளுக்கு இடையே தடவின. ஒரு சிலிண்டர் உருண்டு விழுந்தது. அப்புறம் கைகள் மெல்ல வேகம் குறைந்து, சுவரில் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றன. தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. பிராம்ப்ட் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

“அங்கதான் சார் அவ இருந்தா” என்றார் செட்காரர்.

டைரக்டரின் கை கண்கட்டை அவிழ்க்க உயர்ந்தது.

“அவுக்காதீங்க” என்று ஒரு குரல் தடுத்தது. மேடமும் இல்லை, செட்காரரும் இல்லை. நிலைய அதிகாரி எழுந்து நின்றிருந்தார். மூச்சு அடங்க அந்தப் பெண்ணுக்கு நாலு நிமிஷம் ஆகியிருக்கும் என்று அறிக்கையில் எழுதியவர் அவர். அவள் புத்தி தடுமாறி ஓடினாள் என்று எழுதியவரும் அவர்தான். டைரக்டரின் கை பாதியில் நின்று, கீழே இறங்கியது.

நாங்கள் காத்திருந்தோம். சுவரைப் பார்த்து நின்ற முதுகு நடுங்குவது கடைசி வரிசைவரை தெரிந்திருக்கும். எனக்கு அவர்மேல் இரக்கம் வருமா என்று பார்த்தேன், வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, போதுமா என்று டைரக்டர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னும் மூணு நிமிஷம் இருக்கு” என்றார்.